பந்து வருவது தொடைக்கு மேலே, காசு போவது முழங்காலுக்குக் கீழே: நீலகிரி கிளப் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கிரிக்கெட் கிளப் நடத்தும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும்,

வணக்கம். இந்த மலையில் அம்பயராக நிற்பவர்கள், பையன்களுக்கு நெட்ஸ் பழக்குபவர்கள், பிய்ந்த கிளவுஸைத் தைத்துக் கொடுப்பவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கிட் வாங்கும் பணம் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் உங்களுக்கு. (மட்டையும் பேட், காலில் கட்டுவதும் பேட் என்று பேசிப் பழகிவிட்டோம். இந்த மடலில் மட்டை மட்டைதான், காலில் கட்டுவது பேடு.)

வசூல் முடிந்ததும் நடப்பது உங்களுக்கே தெரியும். பாதிப் பணம் ஒரு நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டைக்குப் போய்விடும். அடுத்து மூன்று ஜோடி பேடு. மிச்சம் இருப்பதில் ஒரு ஹெல்மெட், இரண்டு ஜோடி கிளவுஸ், ஒரு தை பேடு (தொடையில் கட்டும் காப்பு). எல்லாம் ஒரே கிட் பேக்கில், பதினொரு பேருக்கும் பொது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. மட்டை பொதுவாக இருக்கட்டும். ஹெல்மெட், கிளவுஸ், கார்டு (கவட்டைக் காக்கும் கெட்டிக் கவசம்) ஆளுக்கு ஆள் தனியாக இருக்கட்டும்.

மேட்டிங்கில் ஆடும் கிளப்களுக்கு இது இன்னும் அவசரம். சிமெண்ட் தளத்தில் கயிற்றுப் பாயை இழுத்துக் கட்டினால் பந்து எகிறும். புல் பிட்ச்சில் முழங்காலுக்கு வரும் லெங்த் பந்து (பந்து தரையில் குத்தும் தூரம்தான் லெங்த்) இங்கே தொடையையும் வயிற்றையும் தேடி வரும். பாயின் ஓரத்தில் ஆணி தளர்ந்து ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அதே லெங்த்தில் ஒரு பந்து உருளும், அடுத்தது விலாவுக்கு ஏறும். அடிபடும் இடம் பெரும்பாலும் விரல், தொடை, விலா, சில சமயம் தலை. பேடு காப்பாற்றும் இடம் இதில் எதுவும் இல்லை. மலைக்காற்று மெல்லிசு என்பதால் பந்து வேகமாக வருகிறது என்று சிலர் சொல்வார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உண்மைதான். பந்து காற்றில் இழக்கும் வேகம் கொஞ்சம் குறையும், ஸ்விங்கும் குறையும். ஆனால் அந்த வித்தியாசம் சின்னது. பழியைப் பாய் மேல் போடுங்கள்.

முதலில் ஹெல்மெட். மற்றதெல்லாம் பிறகு.

உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பி.எஸ். 7928:2013 என்ற எண் இருக்க வேண்டும். இது பிரிட்டிஷ் தரம். கிரில்லுக்கும் (முகத்துக்கு முன்னால் உள்ள கம்பிகள்) பீக்குக்கும் (நெற்றிக்கு மேல் நீட்டியிருக்கும் விளிம்பு) நடுவில் பந்து நுழைந்து முகத்தில் படுகிறதா என்று உண்மையான அளவுப் பந்தை வைத்துப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், எந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டது என்றும் போட்டிருக்கும். இதை யாரும் பார்ப்பதில்லை. ஆண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ., அதாவது விட்டம் 7.1 செ.மீ.க்குச் சற்று மேல். 13 வயதுக்குட்பட்டவர்களின் பந்து 20.5 செ.மீ. சுற்றளவு வரைகூட இருக்கலாம், விட்டம் ஆறரை செ.மீ. பெரியவர்கள் பந்துக்கு மட்டும் சோதித்த ஹெல்மெட்டைச் சின்னப் பையனுக்கு மாட்டினால், பெரிய பந்து நுழையாத இடைவெளியில் சின்னப் பந்து நுழைந்துவிடும். பையன்களும் ஆடும் கிளப் என்றால் இரண்டு பந்துக்கும் சோதித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கிரில்லை மேலும் கீழும் நகர்த்தும் வசதியுள்ள பழைய மாடல் உங்களிடம் இருந்தால், இன்றே ஒரு மேட்ச் பந்தை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துப் பாருங்கள். நுழையக் கூடாது. நுழையாமல் மயிரிழையில் நின்றாலும் போதாது, அடி விழும்போது கம்பியும் பீக்கும் வளைந்து கொடுக்கும். பந்தைவிட இடைவெளி தெளிவாகச் சின்னதாக இருக்க வேண்டும். 'பார்வை மறைக்கிறது' என்று ஸ்க்ரூவைத் தளர்த்திக் கிரில்லை இறக்கிக்கொள்ளும் ஆள் ஒவ்வொரு அணியிலும் ஒருவர் இருப்பார். அவர் விளையாடி முடித்ததும் அதே ஹெல்மெட் அடுத்தவர் தலைக்குப் போகிறது. பொது ஹெல்மெட்டின் பெரிய ஆபத்தே இதுதான்.

அளவு எடுப்பது ஒரு நிமிட வேலை. தையல்காரர் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றிக் கொண்டு வாருங்கள். வரும் செ.மீ.யை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்மால், மீடியம் என்ற பெயரை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடையில் மாட்டிப் பார்க்கும்போது பின்பக்கத் திருகை முழுக்கத் தளர்த்தி மாட்டி, பிறகு இறுக்குங்கள். தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடினால் பெரிசு. ஸ்டான்ஸில் குனிந்து நின்று பந்து வரும் திசையைப் பார்க்கும்போது பீக் கண்ணை மறைக்கக் கூடாது. தாடை வாருக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல் போகலாம், இரண்டு விரல் போனால் தளர்ச்சி.

நம் ஊருக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. காலை ஒன்பது மணிக்குப் பனி விலகாத மைதானத்தில் குல்லாவைப் போட்டு அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள். கம்பளி அமுங்கும், வழுக்கும். பந்து பட்டதும் ஹெல்மெட் திரும்பிக்கொள்ளும். மங்கி கேப்பைக் கழற்றச் சொல்லுங்கள். குளிர் தாங்காவிட்டால் மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும், அளவெடுக்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டே எடுக்கட்டும்.

கழுத்துக் காப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் ஃபிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தின் இடப்பக்கம் பட்டது. இரண்டு நாளில் இறந்துபோனார். பின்பக்கம் கிளிப்பில் மாட்டும் காப்புகள் பரவலானது அதற்குப் பிறகுதான். ஆஸ்திரேலியாவில் வேகப்பந்து, மிதவேகப்பந்துக்கு எதிராக அதை 2023 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கினார்கள். ஒரு ஹெல்மெட்டுக்குச் செய்த காப்பு இன்னொன்றில் சரியாக உட்காராது, அதே கம்பெனியின் அதே மாடலுக்கு உரியதைக் கேளுங்கள். ஸ்வெட்டர் காலரோ ஜாக்கெட் காலரோ உயரமாக இருந்தால் காப்பை மேலே தள்ளி ஹெல்மெட்டை முன்னால் சாய்த்துவிடும். பிறகு காப்பைக் குறை சொல்லிக் கழற்றிப் போடுவார்கள். குறை காலரில் இருக்கிறது.

பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. வெளி ஓடு பளபளவென்று இருக்கலாம், உள்ளே ஃபோம் அமுங்கிப்போயிருக்கும், அமுங்கியது மறுபடி உப்பாது. வளைந்த கிரில்லைக் குறடு வைத்து நிமிர்த்தாதீர்கள். வேறு கம்பெனி கிரில்லையோ ஹார்டுவேர் கடை போல்ட்டையோ பொருத்தாதீர்கள். தின்னர் கலந்த பெயிண்டால் கிளப் பெயர் எழுதுவதும் வேண்டாம், பிளாஸ்டிக் ஓட்டை அது தின்னும். கழித்துக் கட்டிய ஹெல்மெட்டின் தாடை வாரைக் கத்தரித்துவிடுங்கள். கத்தரிக்காமல் மூலையில் போட்டால் அடுத்த வாரம் அது நெட்ஸில் ஒரு பையன் தலையில் இருக்கும்.

தலையில் அடிபட்டவரை, 'ஒன்றுமில்லண்ணா, ஆடுறேன்' என்று அவரே சொன்னாலும், அன்று ஆட விடாதீர்கள். தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். சர்வதேச ஆட்டங்களில் 2019 ஆகஸ்டு முதல் இதற்காகவே மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதி உண்டு. நம் ஆட்டங்களிலும் எதிரணிக் கேப்டன்கள் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.

கிளவுஸ். வலது கை ஆட்டக்காரருக்கு மட்டைப் பிடியில் கீழே இருக்கும் கை வலது கை. அதன் ஆள்காட்டி விரலும் நடு விரலும்தான் பந்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். நல்ல கிளவுஸில் அந்த இரண்டு விரல்களின் ஃபோமுக்குள் கெட்டியான ஃபைபர் தகடு இருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், முழுக்கப் பஞ்சு மாதிரி அமுங்கினால் வைத்துவிடுங்கள். மட்டையைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பிடித்த பிடியில் விரல்களுக்கு மேல் ஃபோம் கட்டைகள் பிரிந்து நகம் தெரிந்தால் அது அளவல்ல. விரல் நுனிக்கு மேல் காலி இடம் நிறைய இருந்தால் கிளவுஸ் கையில் சுழலும், காப்பு பக்கவாட்டுக்குப் போய்விடும். உள்ளே கம்பளிக் கையுறை போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். மெல்லிய பருத்தி இன்னர் போதும். இடது கை ஆட்டக்காரருக்கு இடது கை கிளவுஸ்தான். பொது பேக்கில் அது இருக்காது, அவர் வலது கை ஜோடியை மாட்டுவார், ஃபைபர் தகடு தப்பான கையில் போய் உட்காரும்.

கார்டு. எல் கார்டு என்கிறோம், சென்டர் கார்டு என்கிறோம். இதைப் பொதுவில் வைத்திருக்கும் கிளப்பைப் பற்றி என்ன சொல்வது? விலை ஒரு மேட்ச் நாளின் டீ, வடைச் செலவைத் தாண்டாது. ஆளுக்கு ஒன்று. பை வைத்த சப்போர்ட்டரில் போட வேண்டும். குளிருக்கு இரண்டு டிராக் பேண்ட் போட்டு நடுவில் செருகினால் ஒரு ரன் ஓடியதும் இடம் மாறிவிடும், மாறிய கார்டின் விளிம்பே காயப்படுத்தும். விளிம்பு ரப்பர் உரிந்ததும், மயிரிழை விரிசல் விட்டதும் குப்பைக்கு. அடிபட்டு ஒரு மணி நேரம் கழித்தும் வலி குறையவில்லை, வீக்கம் இருக்கிறது என்றால் வெட்கப்படாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வடிவமைத்த கார்டும் செஸ்ட் கார்டும் தனியாகக் கிடைக்கின்றன.

தை பேடு முன் காலின் வெளித்தொடைக்கு, இன்னர் தை பின் காலின் உள்தொடைக்கு. வலது கைக்காரருக்கு முன் கால் இடது. மேட்டிங்கில் இரண்டும் வேண்டும். பேடின் மேல் மடலுக்குக் கீழே இறக்கிக் கட்டுவது வழக்கமான தவறு, இடுப்பெலும்புக்குக் கீழே நாலு விரல் அகலம் திறந்து கிடக்கும், பந்து அங்கேதான் வரும். கட்டிக்கொண்டு ஸ்டான்ஸ் எடுத்து ஒரு தடவை குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

வேகமாகப் போடும் பையன்கள் இருக்கும் அணிகளோடு ஆடும்போது, முன் பக்க விலாவை மறைக்கும் செஸ்ட் கார்டும் முன் கைக்கு ஆர்ம் கார்டும் வாங்கலாம். ஆனால் ஒன்று. நெஞ்சில் பட்ட அடி இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடியில் விழுந்தால், எலும்பு உடையாமலே இதயம் நின்றுபோகலாம். அரிது, ஆனால் சின்ன வயதுக்காரர்களுக்கே அதிகம். செஸ்ட் கார்டு அதைத் தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆள் விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறி வரும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். அணிக்கு இரண்டு பேராவது நெஞ்சழுத்தம் கொடுக்கக் கற்றிருக்க வேண்டும்.

பேடைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது. முட்டிச் சில்லு நடு உருளையின் மையத்தில் உட்கார வேண்டும். கிளப் வேகத்துக்கு எடை குறைந்த ஃபோம் பேடு போதும், பிரம்பு வைத்த கனமான பேடுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். வாரின் நீண்ட நுனியை வெட்டிவிடுங்கள். அது பேடில் உரசும் சத்தத்தைப் பந்து மட்டையில் பட்ட சத்தம் என்று நினைத்து அப்பீல் வருகிறது, அவுட் கொடுக்கும் அம்பயரும் இருக்கிறார்.

வாங்கியதைக் கெடுப்பது நம் ஈரம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர் பக்கமும், ஐப்பசி மழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கமும் மூடி வைத்த கிட் பேக் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் பேக்கைத் திறந்து போடுங்கள். சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். நனைந்த கிளவுஸுக்குள்ளும் ஹெல்மெட்டுக்குள்ளும் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றோட்டமான நிழலில் காய விடுங்கள். கணப்புப் பக்கத்தில் காய வைத்தால் உள்ளங்கைத் தோல் அப்பளம் மாதிரி விறைத்து வெடிக்கும், ஹெல்மெட் ஃபோமின் பசையும் விடும். பூஞ்சையைக் காய்ந்த பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தட்டி, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போகும். கிரில் ஸ்க்ரூக்களை மாதம் ஒரு முறை பாருங்கள், துரு ஏறியிருந்தால் கம்பெனி ஸ்க்ரூவையே வாங்கி மாற்றுங்கள்.

கோயம்புத்தூருக்குக் கிட் வாங்க இறங்கும் முன், கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு தையல் டேப்பும் ஒரு மேட்ச் பந்தும் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே தலைச் சுற்றளவு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடு விரல் நுனி வரை உள்ள நீளம், முட்டி மையத்திலிருந்து பாதத்தின் மேல் வளைவு வரை உள்ள உயரம், வலது கையா இடது கையா என்று எழுதுங்கள். பந்தை இருக்கிற ஹெல்மெட்டுகளில் வைத்துப் பாருங்கள். வார் வெட்ட ஒரு கத்தரிக்கோலும் கூட இருக்கட்டும்.

அன்புடன்,
மேட்டிங் ஓரத்தில் நிற்கும் அம்பயர்கள், பயிற்சியாளர்கள், கிட் தைப்பவர்கள் சிலர்
நீலகிரி