இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் தேர்ச்சி கூடியிருக்கிறது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். மழை விடுமுறையில் விட்டுப்போன பாடங்களை ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்தார்கள். எல்லோருக்கும் என் பாராட்டுகள்.

அப்புறம், அறிவியல் கண்காட்சி. வந்து பார்த்தவர்கள் மனதாரப் பாராட்டினீர்கள், மகிழ்ச்சி. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்புக்கு மழைநீர் சேகரிப்பு மாதிரி செய்துவரச் சொல்லியிருந்தோம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமானது. 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற ஊர் நம்முடையது. ஆனால் வந்த மாதிரிகளில் பல ஒரே அச்சு. அதே தெர்மாகோல் வீடு, அதே சிவப்புக் கூரை, மூலையில் அதே பிளாஸ்டிக் தென்னை மரம். மொட்டை மாடித் தண்ணீர் எந்த வழியாகத் தொட்டிக்குப் போகிறது என்று கேட்டால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கிறது. குழாய் என்று ஒட்டியிருந்தது பெயின்ட் அடித்த குச்சி.

பக்கத்து மேசையில் ஒரு மாணவி. பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி வடிகட்டி செய்திருந்தாள். முதலில் மணலை அடியில் போட்டாளாம். தண்ணீர் ஊற்றியதும் பாதி மணல் பாட்டில் வாய் வழியாகவே இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடியில் கூழாங்கல், அதன்மேல் பொடி ஜல்லி, மேலே மணல் என்று மாற்றியிருக்கிறாள். ஏன் இந்த வரிசை என்று கேட்டேன். "கல்லு இல்லன்னா மணல் நிக்காது சார்" என்றாள். அவள் சார்ட்டில் எழுத்தெல்லாம் கோணல். ஆனால் இந்தப் பாடத்தை இனி யாரும் அவளுக்கு நடத்த வேண்டியதில்லை.

கைத்தொழில் வழியாகவே கல்வி நடக்க வேண்டும் என்று 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் வலியுறுத்தினார். அது பழைய காலத்துப் பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் ஏசி வந்தபோது அதன் போர்டைப் புதிதாகப் படித்துக்கொண்ட மெக்கானிக் உங்களில் இருக்கிறார். அலுவலகத்தில் மென்பொருள் மாறும்போதெல்லாம் மறுபடி மாணவராகிறவர்கள் இருக்கிறீர்கள். நம் நூலகத்துக் கிழிந்த புத்தகங்களைக் கட்ட, பைண்டிங் தொழில் செய்யும் ஒரு பெற்றோரிடம் நானும் இந்த ஆண்டு கற்று வருகிறேன். மைதாப் பசை நீர்த்துப் போனால் தாள் சுருங்கும். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்க வேண்டும். பசை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் சொல்லித் தெரியவில்லை, விரலால் தொட்டுத் தொட்டுத்தான் தெரிந்தது. தானாகச் செய்து, கெடுத்து, திருத்திப் பார்த்த பிள்ளைதான் நாற்பது வயதிலும் தயங்காமல் புதிதாக ஒன்றைக் கற்க உட்காரும்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி கடையில் வாங்கிய மாதிரிக்கும், பெரியவர்கள் செய்துகொடுத்த மாதிரிக்கும் மதிப்பெண் கிடையாது. நூற்றில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தின் நடுவே பிள்ளைகள் செய்யும் இதுபோன்ற வேலைகளுக்கு. அதைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்று ஒரு பிள்ளை பள்ளியிலேயே கற்றுக்கொள்வதை என்னால் அனுமதிக்க முடியாது. கடையில் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. இது குறித்து வகுப்பாசிரியர்களுக்கு இரவில் போன் செய்து வாதாட வேண்டாம். முடிவு என்னுடையது, என்னிடம் பேசுங்கள்.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலை முடிந்து, ரயில் பிடித்து வீடு சேரவே எட்டு மணி ஆகிறது. ஒன்பதரைக்கு "அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட்" என்று பிள்ளை வந்து நின்றால் யார்தான் என்ன செய்வார்கள்? ஆகவே மூன்றாம் பருவத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் பள்ளியிலேயே செய்முறை வேலை நடக்கும். சாமான் எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, காலி பாட்டில், துணித்துண்டு போதும். வீட்டில் தொடர நேர்ந்தால் பக்கத்தில் இருங்கள், கத்தரிக்கோலை மட்டும் அவர்கள் கையிலேயே விடுங்கள். கோணலாக வந்தால் சரி, அப்படியே அனுப்புங்கள். ஆறு, ஏழாம் வகுப்புகளை முட்டுக்காடு தட்சிணசித்ரா கைவினை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகவும் எண்ணம் இருக்கிறது. மண்பாண்டம் வனைவதை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். விவரம் பிறகு வரும்.

கண்காட்சி அன்று மேசை தூக்கியவர்களுக்கும், மோர் கொண்டுவந்தவர்களுக்கும், பிள்ளை செய்ததைக் குறை சொல்லாமல் நின்று கேட்டவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. தையல், மின்வேலை, தச்சு, சமையல், தோட்டம் என்று கைவேலை தெரிந்த பெற்றோர் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால், பிள்ளையின் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தாத்தா பாட்டிகளும் வரலாம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்