மதுரையோடு முடிவதில்லை வைகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வைகையைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. வருசநாட்டு மலை, பிட்டுக்கு மண் சுமந்த கதை என்று ஆசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தியில், 'மதுரையைத் தாண்டியதும் மணலில் காணாமல் போய்விடும் நதி' என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. அந்த மணலின் கரையில்தான் தலைமுறை தலைமுறையாக நாங்கள் குடியிருக்கிறோம்.

258 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு இது. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்கிறது. மிஞ்சிய தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலுக்குப் போகிறது. தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அந்த வரி அச்சேறியதுதான் வருத்தம்.

கதை வேண்டுமென்றால் எங்கள் பக்கமும் இருக்கிறது. சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த கடலின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வைகை கண்மாயிலேயே நின்றுவிட்டது என்பார்கள் பெரியவர்கள். திருப்புவனத்தில் ஆற்று மணலெல்லாம் லிங்கமாகத் தெரிய, மிதிக்க அஞ்சி எதிர்க்கரையில் நின்றே தேவார மூவரும் பாடினார்கள் என்பது தலபுராணம். சித்திரைப் பௌர்ணமிக்குப் பரமக்குடியிலும் மானாமதுரையிலும் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மதுரையிலிருந்து வந்த என் சம்பந்தி, "இங்கேயுமா இறங்குவார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வருடா வருடம் பத்திரிகைகளில் மதுரைப் படம் மட்டும்தானே வருகிறது!

கீழடியும் அப்படித்தான். அது சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம். எழுதும்போது மட்டும் 'மதுரை கீழடி'. வைகை கடலைத் தொடும் இடத்தில் அழகன்குளம் இருக்கிறது. ரோமானியக் காசும் பானை ஓடும் கிடைத்த பழைய துறைமுகம். உங்கள் கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

அப்புறம், பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய பென்னிகுயிக்குக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைத் திறக்க வைத்த அந்த மனிதரை நாங்களும் கும்பிடுகிறோம். ஆனால் அந்த யோசனையை 1789இலேயே ஆராய்ந்து பார்த்து, செலவு தாங்காது என்று கைவிட்டவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை. தண்ணீருக்குத் தவித்த எங்கள் ராமநாதபுரம் சீமைக்காரருக்குத்தான் முதலில் தோன்றியது. அவருக்கு ஒரு வரி தந்திருக்கக் கூடாதா?

வைகையின் பூர்வீகப் பாசனத்தில் 12 பங்கு தண்ணீரில் 7 பங்கு ராமநாதபுரத்துக்கு, 3 சிவகங்கைக்கு, 2 மதுரைக்கு. பெரிய பங்கு எங்களுடையது என்று காகிதத்தில் இருக்கிறது. வைகை அணை திறந்த செய்தியைப் படித்துவிட்டுப் பரமக்குடிப் பாலத்தில் போய் நிற்போம். முதலில் வருவது தண்ணீர் இல்லை. நுரை, பிளாஸ்டிக் பை, ஆகாயத்தாமரை. அதன் பின்னால் சாக்கடை வாடையோடு கறுப்பாக ஒரு ஓட்டம். நல்ல தண்ணீர் வந்து சேர்வதற்குள் மடையை அடைத்துவிட்டதாகச் சொல்வார்கள். பார்த்திபனூர் மதகுக்குக் கீழே நாற்றுப் போட்டவன் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

என் சிறு வயதில் இதே ஆற்றில் முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். அம்மா கொட்டாங்கச்சியால் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தை நிரப்புவார். கலங்கல் தெளியும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இன்று அந்த இடத்தில் மணலும் இல்லை, சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மணல் எங்கே போனது என்பதைத் தங்கள் நிருபர்களே பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

சரி, நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். தினமும் ஐந்தாம் பக்கத்தில் அணைகளின் நீர்மட்டம் போடுகிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமாவது அதன் கீழே ராமநாதபுரம் பெரிய கண்மாயின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பரமக்குடி.