டைட்ஸ்வெல் மேட்டைப் பற்றியும் புது வாடகையைப் பற்றியும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் டார்பிஷயரில், பீக் வட்டாரம் (பீக் டிஸ்ட்ரிக்ட்) என்ற மலைப் பகுதியில் பேக்வெல் ஊருக்கு அருகே சைக்கிள் வாடகைக்கு விடும் கடையிலிருந்து எழுதுகிறேன். வழக்கமாக ஈஸ்டர் சமயத்தில் "சைக்கிள் எல்லாம் ரெடி, வாருங்கள்" என்று நாலு வரிதான் எழுதுவேன். இந்த வருஷம் அது போதாது. சைக்கிள் வாடகை கூடுகிறது, எங்கள் மெக்கானிக் வேறு வேலைக்குப் போய்விட்டார், இதற்கு நடுவில் நம் ஆட்களின் வாட்ஸாப் குழுக்களில் சமதளப் பாதை என்று சொல்லி ஒரு வயதான அம்மாவை மலையேற வைத்துவிட்டோம் என்று எங்கள் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. லெஸ்டரில் இருந்தும் ஹாரோவில் இருந்தும் அதை எனக்கே அனுப்பி "என்ன அண்ணா இது" என்று கேட்கிறீர்கள். கேட்டதில் சந்தோஷம்தான், கேட்காமல் நம்பிவிட்டால்தான் கஷ்டம். தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாடகை. பெரியவர்கள் சைக்கிளுக்கு நாள் வாடகை 3 பவுண்டு கூடுகிறது, சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் பின்னால் மாட்டும் குழந்தை வண்டிக்கும் பழைய வாடகைதான். காரணம் உங்களுக்கே தெரியும். 21 வயது நிறைந்த ஒருவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி 2024 ஏப்ரலில் மணிக்கு 11.44 பவுண்டாக இருந்தது, 2025இல் 12.21 ஆனது, 2026 ஏப்ரலில் இருந்து 12.71. வேலை செய்கிறவர்கள் கைக்குப் போகிற காசு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கடை அதே கடை, சீசன் அதே சீசன்.

இன்னொரு செலவு வெளியே தெரியாதது. இங்கே டிரெயில்களில், அதாவது ரயில் நின்றுபோன பழைய ரயில் பாதைகளை மாற்றிய சைக்கிள் பாதைகளில், பெரும்பாலும் தாரோ கான்கிரீட்டோ கிடையாது, சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். காய்ந்திருந்தால் ஓட்ட அருமையாக இருக்கும். மழை பெய்தால் அந்தப் பொடி கரைந்து வெள்ளைச் சாந்தாகி செயினிலும் பல்சக்கரத்திலும் பிரேக் கட்டையிலும் ஏறிவிடும், அப்படியே காயவிட்டால் மறுநாள் பெடலை மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும், அந்தச் சத்தம் செயின் தேய்கிற சத்தம். நீங்கள் மாலையில் சைக்கிளை விட்டுவிட்டுப் போன பிறகு ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுத்தான் உள்ளே வைக்கிறோம். அப்படியும் சாலையில் ஓடும் சைக்கிளை விட இங்கே செயின் சீக்கிரம் போகிறது. இத்தனையும் செய்துகொண்டிருந்த மெக்கானிக்குக்கு ஷெஃபீல்டில் நல்ல வேலை கிடைத்தது, மனதார வாழ்த்தி அனுப்பினோம். இப்போது காலையில் நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். ஆள் குறைந்ததால் பக்ஸ்டன் ரயில் நிலையத்திலிருந்து வேனில் கூட்டி வருவது இந்த சீசனில் இருக்காது, அங்கிருந்து பேக்வெல்லுக்கு பஸ் உண்டு.

சரி, இனி அந்தச் செய்தி. "கார் வராத சமதளப் பாதை என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள், வயதான அம்மாவை மலையேற வைத்துவிட்டார்கள்" என்பதுதான் அதன் சாரம். படித்ததும் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அந்தக் குடும்பம் யார் என்று எனக்குத் தெரியும், நல்ல மனிதர்கள், பெயர் சொல்ல மாட்டேன், நீங்களும் தேட வேண்டாம். அந்த அம்மா சிரமப்பட்டார் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். ஆனால் "ஏமாற்று" என்ற வார்த்தையை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் மான்சல் டிரெயிலில் மில்லர்ஸ் டேல் வரைக்கும் நன்றாகவே வந்திருக்கிறார்கள். பிறகு டைட்ஸ்வெல் ஊரில் இருக்கும் பெரிய தேவாலயத்தைப் பார்க்கலாம் என்று போன் காட்டிய வழியில் டிரெயிலை விட்டு இறங்கிவிட்டார்கள். அது 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 'பீக் வட்டாரத்தின் கதீட்ரல்' என்றே இங்கே சொல்வார்கள், பார்க்க ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் மில்லர்ஸ் டேல் பழைய ரயில் நிலையம் பள்ளத்தாக்கின் சரிவில் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதலில் ஆற்றங்கரைச் சாலைக்கு ஜோராக இறக்கம், அதற்கப்புறம் டைட்ஸ்வெல் வரைக்கும் ஏற்றம், அதுவும் கார்கள் போகிற சாலையில். போன் தூரத்தைத்தான் காட்டியது, ஏற்றத்தைக் காட்டவில்லை.

இந்த ஊர்ப் பாதைகளின் கதை தெரிந்தால் இது ஏன் இப்படி என்று புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மான்சல் டிரெயில் ஒரு காலத்தில் மிட்லண்ட் கம்பெனியின் ரயில் பாதை, 1863இல் ரயில் ஓடத் தொடங்கியது, 1968இல் நின்றது. நீராவி இன்ஜினுக்குச் செங்குத்தான மேடு ஆகாது, இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் மலை வந்த இடத்தில் சுரங்கப் பாதை குடைந்தார்கள், பள்ளம் வந்த இடத்தில் பாலம் கட்டினார்கள். பள்ளத்தாக்கே பாழாகிவிட்டது என்று ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் அப்போது கோபமாக எழுதினார், இன்று அந்தப் பாதைக்காகக் கட்டிய ஹெட்ஸ்டோன் பாலத்தின் மேல் நின்றுதான் எல்லோரும் போட்டோ எடுக்கிறோம். ரயில் நின்ற பிறகு 1981இல் இதை நடைபாதையாகத் திறந்தார்கள், ஆனால் பெரிய சுரங்கங்கள் மூடியே கிடந்தன, ஒவ்வொரு சுரங்கம் வரும்போதும் மலை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். 2011 மே மாதம் அவற்றைத் திறந்து விளக்குப் போட்ட பிறகுதான் பாட்டியும் பேரனும் சைக்கிளில் போகக்கூடிய எட்டரை மைல் பாதையாக அது ஆனது. மேடு எங்கேயும் போய்விடவில்லை. அன்று குடைந்து வைத்த வழியில் போகும் வரைக்கும் அது நம் காலுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். விட்டு வெளியே வந்தால் பீக் வட்டாரத்தின் மலை உடனே வந்துவிடும்.

டிஸ்ஸிங்டன் டிரெயிலிலும் இதைப் பார்க்கலாம். ஆஷ்பர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல், அதில் ஆஷ்பர்னைத் தாண்டியதும் ஓரிடத்தில் மட்டும் பாதை திடீரென்று ஓடைக்கு இறங்கி மறுபடி ஏறும், ஏனென்றால் அங்கிருந்த ரயில் பாலத்தை இடித்துவிட்டார்கள். ஹை பீக் டிரெயில் இன்னும் பழசு, 1831இலேயே முழுசாக ஓடத் தொடங்கிய பாதை, அந்தக் காலத்தில் செங்குத்தான சரிவுகளில் பெட்டிகளைக் கயிறு கட்டி, மேலே நிறுத்தி வைத்த நீராவி இன்ஜினால் இழுத்தார்கள். மிடில்டன் டாப்பில் அந்த இன்ஜின் வீடு இன்றும் நிற்கிறது. அதற்குக் கீழே இருக்கும் சரிவு ஒன்பது அடி போவதற்குள் ஓரடிக்குக் குறையாமல் ஏறும். அதனால்தான் குரோம்ஃபோர்டில் தொடங்காதீர்கள், மிடில்டன் டாப்பிலேயே தொடங்குங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். மேனிஃபோல்ட் பாதை தார் போட்டது, குழந்தைகளுக்கு நல்லது, ஆனால் ஸ்வெயின்ஸ்லி சுரங்கத்தை ஒட்டிய ஒரு பகுதியில் காரும் வரும். இதையும் சொல்லித்தான் சைக்கிள் பூட்டின் சாவியைக் கையில் கொடுக்கிறோம்.

சாவியோடு நீங்கள் வாங்கும் வரைபடத்தில் பச்சைக் கோடு டிரெயில், சிவப்புக் கோடு சாலை. டைட்ஸ்வெல் வழி சிவப்பில்தான் இருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ஆனாலும் காலை அவசரத்தில், பிள்ளைகள் மணியடித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, யார்தான் வரைபடத்தைப் பிரித்துப் படிப்பார்கள்? அதனால் இனி ஏற்றமான இடங்களைத் தமிழில் எழுதி ஹேண்டில் பாரிலேயே ஒரு அட்டை மாட்டுகிறோம். மான்சல் டிரெயிலில் எந்த இடத்தில் இறங்கினால் எவ்வளவு மேடு என்று அதில் இருக்கும். டிரெயிலின் பிளாக்வெல் மில் முனையில் ஊர் எதுவும் கிடையாது, திரும்பித்தான் வர வேண்டும் என்பதும் அதில் இருக்கும். போகும்போது லேசான ஏற்றம், கண்ணுக்குத் தெரியாது, கால் சொல்லும். திரும்பும்போது அதே பாதை உங்களுக்கு உதவி செய்யும்.

பெற்றோரைக் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் அம்மா அப்பாவை இங்கே கூட்டி வருகிறீர்களே, அதுதான் எனக்கு இந்தக் கடையில் பெரிய சந்தோஷம். அவர்களுக்கு பேட்டரி சைக்கிள் எடுங்கள். 250 வாட் மோட்டார், மணிக்கு பதினைந்தரை மைல் வரைதான் தள்ளும், மிதித்தால்தான் ஓடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள், சுரங்கத்துக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அறையும், மேலேயிருந்து தண்ணீர் சொட்டும். பொழுது சாய்ந்ததும் உள்ளே விளக்கு அணைந்துவிடும், அதனால் மாலை சவாரிக்கு சைக்கிள் விளக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

இத்தனை வருஷமாக வருகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மழை கொட்டிய நாளிலும் "புக் பண்ணிட்டோம் அண்ணா, வந்துட்டோம்" என்று வந்து நின்றவர்கள் நீங்கள். மில்லர்ஸ் டேல் பழைய பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்து எங்களுக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்தவர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளையே தொடாமல் இருந்து இங்கே வந்து மறுபடி ஓட்டிய அக்காக்கள், கொரோனா காலத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதவர்கள், ஒருவரையும் நாங்கள் மறக்கவில்லை. ஏற்கெனவே புக் செய்துவிட்டவர்களுக்குப் பழைய வாடகைதான், கூடுதலாக எதுவும் கட்ட வேண்டாம்.

ஒரே ஒரு உதவி. அந்தச் செய்தி உங்கள் குழுவில் மறுபடி வந்தால் யாரோடும் சண்டை போட வேண்டாம், இந்த மடலையும் அதற்குக் கீழே போட்டுவிடுங்கள். அந்தக் குடும்பம் இதைப் படித்தால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள், மான்சல் டிரெயிலிலேயே ஹாஸ்ஸப்பிலிருந்து ஹெட்ஸ்டோன் பாலம் வரைக்கும் நானே கூட வருகிறேன். ஈஸ்டர் வாரத்துக்குச் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். போனை மாலை 6 மணிக்கு மேல் எடுப்பேன், அதற்கு முன்பு கையெல்லாம் கிரீஸ்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடைக்காரர்
பேக்வெல் அருகே, டார்பிஷயர்