நம்பர் இல்லாத டிராக்டரை யாரால் தேட முடியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிராக்டர் திருடு போய்விட்டது என்று போலீசுக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது அதன் உடம்பில் குத்தியிருக்கும் நம்பரைத்தான். சிலாங்கூரில் எங்கள் பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வைத்துச் செம்பனைப் பழம் ஏற்றும் கொந்திராக்டர்கள் (ஒப்பந்தக்காரர்கள்), ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வைத்திருப்பவர்கள் பலருக்கு அந்த நம்பர் தெரியாது. வண்டியில் அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தோட்டப் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் எனக்குத் தெரிந்த ஓர் இளம் கொந்திராக்டரின் வண்டி போய்விட்டது. அன்றைய வேலை முடிந்ததும் எப்போதும்போல மண் ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் காலையில் டிரெய்லர் மட்டும் நின்றது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. ரசீது ஒரு துண்டுச் சீட்டு. ‘டிராக்டர் ஒன்று’ என்று எழுதி விலை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட் எழுதிய போலீஸ்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். சிவப்பு நிறம், பழைய மாடல் என்பதைத் தவிர இவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. சிலாங்கூரில் பழைய சிவப்பு டிராக்டர் எத்தனை இருக்கும்? நாளைக்கே அது நீலப் பெயிண்ட் அடித்து இவர் கண் முன்னால் நின்றாலும், தன்னுடையது என்று காட்ட இவர் கையில் ஒன்றும் இல்லை.

நஷ்டம் வண்டியின் விலையோடு முடியவில்லை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். நேரம் ஆக ஆகப் பழத்தில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும், விலையில் பிடிப்பார்கள். அதனால் வாடகைக்கு வண்டி பிடித்தாவது ஏற்றத்தான் வேண்டும். வாடகை ஒரு பக்கம், காணாமல் போன வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை ஒரு பக்கம். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று துணிந்து இறங்கிய நம் பிள்ளைகள் இப்படி ஒரே ராத்திரியில் முடங்கிப் போவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

முன்பு டிராக்டர் கொட்டகை, காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தை ஒட்டியே இருக்கும். பக்கத்திலேயே தொழிலாளர் லயம். நடு ராத்திரியில் எஞ்சின் சத்தம் கேட்டால் நாலு வீட்டில் விளக்கு எரியும். எந்த வண்டி என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இப்போது லயங்கள் போய்விட்டன. ஜனங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். தோட்டத்தின் பாதி வேலையைக் கொந்திராக்டர்கள் செய்கிறார்கள். வண்டியும் அவர்களுடையது, அதன் காவலும் அவர்கள் தலையில். ஜாகா, அதாவது தோட்டக் காவலாளி, ஆபீசையும் ஸ்டோரையும் பார்ப்பார். உள்ளே தூரத்து நிரையில் நிற்கும் வண்டியை அவர் எப்படிப் பார்க்க முடியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி போனதும் ஊரில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பக்கம் விரல் நீட்டுகிறார்கள். அது நியாயமில்லை. டிராக்டர் ரோட்டில் மெதுவாகத்தான் போகும். அதை ஒரே இரவில் தூரமாகக் கொண்டுபோக லாரி வேண்டும், ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும், மறுமுனையில் வாங்க ஒருவர் தயாராக இருக்க வேண்டும். ஈஜோக் பக்கம் போய் லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் விடிவதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கொட்டகையில் தூங்கும் கூலிக்காரனைத் திட்டுவதால் அந்த லாரி நிற்கப் போவதில்லை.

நாம் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில் எண். டிராக்டரின் உடம்பில் சேசிஸ் எண் ஒன்று, எஞ்சின் எண் ஒன்று என இரண்டு இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஒரு சிறிய தகட்டில் மாடலும் சேசிஸ் எண்ணும் அடித்து ஆணி வைத்திருப்பார்கள். திருடியவன் முதலில் பெயர்த்து எறிவது அந்தத் தகட்டைத்தான். ஆனால் எண் இரும்பிலேயே குத்தப்பட்டும் இருக்கும். எஞ்சின் எண் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும், கிரீசும் மண்ணும் மூடியிருக்கும். டீசல் போட்டுத் துடைத்து, கம்பி பிரஷால் தேய்த்துப் பார்த்தால் தெரியும். கைப்பேசியில் படம் எடுங்கள். வண்டியை நாலு பக்கமும் எடுங்கள். வெல்டிங் போட்ட இடம், நசுங்கிய மட்கார்ட், மாற்றிய சீட்டு என்று உங்கள் வண்டிக்கு மட்டுமே உள்ள அடையாளங்களையும் எடுங்கள். அந்தப் படங்களை மனைவிக்கோ மகனுக்கோ அனுப்பி வையுங்கள். உங்கள் கைப்பேசியும் ஒருநாள் தொலையலாம்.

அப்புறம், உங்களுடைய எண் ஒன்றை நீங்களே குத்துங்கள். ஹார்ட்வேர் கடையில் நம்பர் பஞ்ச் பெட்டி கிடைக்கிறது, விலை அதிகமில்லை. ஒரே இடத்தில் குத்தினால் போதாது. முன் அச்சு, கியர் பாக்ஸ் உறை, பின் சக்கரத்தின் உள் வளையம், பானட்டின் உட்புறம் என்று பல இடங்களில் குத்துங்கள். ஒன்றிரண்டு இடம் உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். பிரித்து உதிரியாக விற்றாலும் துண்டுக்குத் துண்டு உங்கள் எண் இருக்கும். அரம் போட்டு அழித்துவிட மாட்டார்களா என்று கேட்கிறார்கள். அழிப்பார்கள். ஆனால் பஞ்ச் விழுந்த இடத்தில் அடியிலுள்ள இரும்பும் அமுங்கியிருக்கும். மேலோட்டமாக ராவியிருந்தால் தடயவியல் கூடத்தில் அமிலம் தடவி அந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவர வாய்ப்பு உண்டு. ஆழமாக அரைத்துவிட்டால் கஷ்டம்தான். பல இடத்தில் குத்தச் சொல்வது அதற்காகத்தான்.

சாவியை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நிறுவனத்தின் டிராக்டர்கள் பலவற்றுக்கு ஒரே சாவி பொருந்தும் என்பது டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பழைய வண்டியைச் சாவி இல்லாமலே ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு அதன் சாவி போன்ற கட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. ஆனால் சரிவில் நிறுத்திய பழைய டீசல் வண்டியை உருட்டிவிட்டே கிளப்பலாம், பேட்டரி தேவையில்லை. அதனால் டீசல் குழாயில் மறைவாக ஒரு வால்வும் வையுங்கள். சமதரையில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். கொந்திராக்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் வண்டிகளை நிறுத்தி, சுற்றி டிரெய்லர்களை வைத்து அடைத்து, ஒரு ஜாகாவுக்குச் சம்பளத்தைப் பகிர்ந்து கொடுத்தால் தனித்தனியாகச் செலவழிப்பதைவிட மலிவாக முடியும். ஜிபிஎஸ் கருவியும் நல்லதுதான். சொந்த பேட்டரி உள்ளதாக வாங்கி, எளிதில் கண்ணில் படாத இடத்தில் பொருத்த வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் கைப்பேசி அலை கிடைக்காத பள்ளங்கள் இருக்கின்றன, அதையும் மனத்தில் வையுங்கள். வண்டி நகர்வதாகத் தகவல் வந்தால் தனியாகத் துரத்திக்கொண்டு போகாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொந்தக்காரர் வேலை. என் ஆதங்கம் வாங்குகிறவர்கள் மீதுதான் அதிகம். பாதி விலைக்கு டிராக்டர் வருகிறது, காகிதம் கேட்காதே என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று வாங்குபவருக்குத் தெரியாதா? மோட்டார் வாகனத் திருட்டுக்கு நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 379ஏ பிரிவு இருக்கிறது. குறைந்தது ஓராண்டு, கூடினால் ஏழாண்டு சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் 411ஆவது பிரிவின்படி குற்றம். பழைய பொருள் வியாபாரிகளுக்கு 1946ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. பழைய இரும்புக் கடைகளில் அந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸ் ஒன்று லாரியில் வந்து இறங்கினால், கொண்டு வந்தவர் யார் என்று எழுதி வைக்காமல் காசு கொடுக்கக் கூடாது.

காருக்குப் பெயர் மாற்றும்போது பரிசோதனை மையத்தில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தோட்டத்துக்குள்ளேயே ஓடி, கைக்குக் கை மாறும் டிராக்டர் அந்தச் சோதனைக்குப் போவதே இல்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது. செம்பனைப் பழத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோமே! விற்பவருக்கும் வாங்கும் வியாபாரிக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் (எம்பிஓபி) உரிமம் வேண்டும் என்று வைத்ததால் திருட்டுப் பழம் விற்பது முன்னைப்போல் சுலபமில்லை. பழத்துக்கு முடிந்தது அதை ஏற்றும் வண்டிக்கு ஏன் முடியாது?

பிரிட்டனில் 2007இல் சீசர் என்ற பெயரில் ஒரு பதிவுத் திட்டம் கொண்டு வந்தார்கள். விவசாய, கட்டுமான இயந்திரங்களுக்கு முக்கோண வடிவத் தகட்டில் ஒரு தனி எண். அதோடு இயந்திரத்துக்குள் மறைவாக மின்னணுச் சில்லுகளும், கண்ணுக்கு எளிதில் தெரியாத பொடிப் புள்ளிகளும் வைக்கிறார்கள். வழியில் நிறுத்தும் போலீஸ் எந்த நேரத்திலும் அந்த எண்ணைக் கேட்டு உரிமையாளரைத் தெரிந்துகொள்ளலாம். அங்கே 2023இல் கருவித் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். நமக்கு உடனே சட்டம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாவட்ட அளவில் ஒரு பதிவேடு போதும், தொடங்கிவிடலாம். தோட்ட நிர்வாகங்கள் தங்கள் கேட்டுக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு டிராக்டரின் எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி மாவட்டப் போலீசிடம் இருக்க வேண்டும். கொந்திராக்குக் கையெழுத்தாகும் அன்றே கிராணி (தோட்ட எழுத்தர்) இதைச் செய்துவிடலாம்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் அரைப் பக்க அளவில் ஒரு படிவம் அச்சிட்டுத் தாருங்கள். வண்டியின் பெயர், மாடல், சேசிஸ் எண், எஞ்சின் எண், நாமே குத்திய எண், வாங்கிய தேதி, விற்றவர் பெயர், படம் ஒட்ட இடம். இவ்வளவு இருந்தால் போதும். அதைப் பிரதி எடுத்து எங்கள் ஊர் உரக் கடைகளிலும் பட்டறைகளிலும் பழ எடை மேடைகளிலும் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். எண் குத்தத் தெரியாதவர்களுக்கு என் பஞ்ச் பெட்டியோடு வந்து குத்தியும் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தோட்டப் பட்டறை ஃபோர்மேன்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.