முகத்தைத் திருப்பும் குழந்தைக்கு எப்படி ஊட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. குழந்தை முகத்தைத் திருப்புகிறது. உடனே பருப்புச் சாதம் போய் பிஸ்கட் வருகிறது, பாட்டு ஓடுகிறது. திருப்பினால் பலன் உண்டு என்று அது வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.

முதலில் பசி வர விடுங்கள். வேளைக்கு வேளை இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி. நடுவில் தண்ணீர் மட்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது. சாப்பாட்டு நேரம் 20 முதல் 30 நிமிடம். முடிந்ததும் திட்டாமல், கெஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.

வேகவைத்து மசித்த புதிய காயைச் சுண்டைக்காய் அளவில், பிடித்த இட்லிக்குப் பக்கத்தில் வையுங்கள். தொட்டாலோ, முகர்ந்தாலோ, நாக்கில் வைத்தாலோகூட அந்த நொடியே பாராட்டுங்கள். பீட்ரூட்டை மூன்று முறை துப்பியதும் 'இவனுக்குப் பிடிக்காது' என்று விட்டுவிடுகிறோம். 10, 15 முறை வைத்தபின் ஏற்கும் பிள்ளைகள் ஏராளம். கைப்பேசியையும் பிஸ்கட்டையும் நிறுத்தினால் தொடக்கத்தில் சில நாள் அழுகை கூடும். அப்போது ஒரே ஒரு நாள் பாட்டி மனமிரங்கிக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்ற பாடம்தான் பதியும்.

வாயை அழுத்தித் திறந்து ஊட்டவே கூடாது. அடிக்கடி புரையேறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, எடை ஏறாவிட்டாலோ இதெல்லாம் பிறகு. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளிலேயே இதைப் பெற்றோருக்குச் சொல்லித்தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– குழந்தை உணவூட்டல் பயிற்சியாளர்கள், மதுரை