நண்பர் நினைவாகச் சிறுவர் ஓட்டப்போட்டி நடத்தும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழுவினருக்கு, வணக்கம்.

கூட ஓடி வளர்ந்த ஒருவர் போய்விட்டார். அவர் பெயரில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தடகளப் போட்டி வைக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, ஃபிளெக்ஸுக்குப் படம் எடுத்தாயிற்று, சிறப்பு விருந்தினரிடம் தேதியும் வாங்கியாயிற்று. மைதானத்தை மட்டும் "முதல் நாள் சாயங்காலம் பி.டி. சாரை வைத்துக் கோடு போட்டுக்கலாம்" என்று விட்டிருப்பீர்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். கோடு போடுவதும் கடிகாரம் பிடிப்பதும் எங்கள் வேலை.

பெரும்பாலான பள்ளி மைதானங்களில் 400 மீட்டர் சுற்றுப் பாதை அடங்காது. 200 மீட்டர் போதும். எங்கள் கணக்கு இது: நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர், வளைவின் உள்கோட்டு ஆரம் 18.90 மீட்டர். ஓடும் பிள்ளை கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஓடுவதாகக் கொண்டால் ஆரம் 19.10, சுற்று சரியாக 200 வரும். தடம் ஒன்றுக்கு 1.22 மீட்டர் வீதம் ஆறு தடம் போட, மைதானம் 93 மீட்டர் நீளமும் 53 மீட்டர் அகலமும் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் நான்கு தடத்தோடு நிறுத்துங்கள். தடத்தின் அகலத்தைக் குறைத்து ஆறாக்காதீர்கள், வளைவில் முழங்கை இடிக்கும்.

முதலில் 40-க்கு 37.80 செவ்வகத்தை முளையடித்துக் குறியுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 55.03 மீட்டர் காட்ட வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் மூலை சாய்ந்திருக்கிறது. கோடு போடத் தொடங்காதீர்கள். 37.80 பக்கங்களின் நடுவில் ஒவ்வொரு முளை அடித்து, அங்கிருந்து வளைவை இழுக்க வேண்டும். இதற்கு நைலான் கயிறு ஆகாது, இழுக்க இழுக்க நீளும். 10 செ.மீ. நீண்டாலே ஒரு சுற்று 63 செ.மீ. கூடிவிடும். கட்டுக்கம்பியோ இரும்பு டேப்போ எடுங்கள்.

அடுத்தது ஸ்டாகர், அதாவது வெளித் தடங்களின் புறப்படும் கோட்டை முன்னால் தள்ளிப் போடுவது. அதிகம் சண்டை வருவது இதில்தான். புத்தகத்திலிருந்து 7.04, 14.70, 22.37 என்ற பட்டியலை எடுத்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். அது உள்ஓரத்தில் உயர்த்திய விளிம்பு கட்டிய மைதானத்துக்கானது. அங்கே முதல் தடத்தை 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். வெறும் கோடு மட்டும் உள்ள மைதானத்தில் முதல் தடமும் 20 செ.மீ.யில்தான் அளக்கப்படும். ஆகவே முழுச் சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் தடம் 7.67, மூன்றாவது 15.33, நான்காவது 23.00, ஐந்தாவது 30.66, ஆறாவது 38.33 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். 7.04 பட்டியலைப் போட்டால் முதல் தடத்துப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் 63 செ.மீ. கூடுதலாக ஓடுவார்கள். கோப்பை எப்படி முதல் தடத்துக்கே போகிறது என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. இன்னொன்று, சுற்று 200 ஆனாலும் 400 ஆனாலும் ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்டாகர் ஒன்றுதான். அது தடத்தின் அகலத்தைப் பொறுத்தது, மைதானத்தின் அளவைப் பொறுத்ததல்ல.

கோட்டுப் பொடிக்கு வருவோம். மலிவு என்று சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புத் தூளை மூட்டையாக இறக்கிவிடுகிறார்கள். அது காரம். வியர்த்த தோலிலும் சிராய்த்த முழங்காலிலும் பட்டால் அரிக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் விழுவார்கள், அதுவும் கோட்டின் மேலேயே விழுவார்கள். கடையில் வெள்ளைக் கல்மாவு அல்லது கோலமாவு என்று கேட்டு வாங்குங்கள். மூட்டை வந்ததும் ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்தால் அது சுண்ணாம்பு, திருப்பி அனுப்புங்கள். ஆறு தடத்துக்கு ஏழு கோடு, 5 செ.மீ. அகலம், மொத்தம் ஏறக்குறைய 1,550 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்டால் 25 கிலோ மூட்டை நான்கு பிடிக்கும். தெரியாமல் சுண்ணாம்பே போட்டு ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்க விடாமல், இமையை விரித்து, நல்ல தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு 60 மீட்டர் நேர் ஓட்டம் போதும். புறப்படும் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், முடிவுக் கோட்டுக்கு அப்பால் 17 மீட்டர், ஆக 80 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அந்த 17 மீட்டரில்தான் பரிசு மேசையைப் போடுகிறார்கள், போட்டோகிராபரும் அங்கேதான் மண்டியிடுகிறார். முழு வேகத்தில் வரும் பத்து வயதுப் பிள்ளை கோட்டைத் தாண்டி உடனே நிற்க முடியாது, மேசையில்தான் போய் முட்டும். நெருஞ்சி முள்ளையும் சரளைக் கல்லையும் முதல் நாளே பெருக்கிவிடுங்கள், பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். அதனால் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) வேண்டாம் என்று அழைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

நேரம் எடுப்பவர் கிளாப்பரின் (ஓட்டம் தொடங்க அடிக்கும் இரட்டைப் பலகை) சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது, பலகை மூடுவதைக் கண்ணால் பார்த்து அமுக்க வேண்டும். 60 மீட்டரைச் சத்தம் கடக்க 0.18 விநாடி ஆகும். கையால் எடுத்த நேரத்தை மேல் பத்தில் ஒன்றுக்கு ஏற்றி எழுதுவதே விதி: 9.41 என்றால் 9.5. செல்போன் வேண்டாம், தொடுதிரையில் விரல் எப்போது பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தடத்துக்கு ஒரு பொத்தான் வைத்த ஸ்டாப்வாட்ச், அது தவிர இட வரிசை மட்டும் பார்க்க இரண்டு பேர். கோட்டைத் தொட வேண்டியது மார்பு. நீட்டிய கையும் குனிந்த தலையும் கணக்கில் வராது.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். 48 பிள்ளைகள் வந்தால் ஆறு தடத்தில் எட்டு ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று ஓட்டங்கள். வழக்கப்படி அதில் தோற்ற 40 பேர் ஒரே ஒரு தடவை பத்துப் பதினைந்து விநாடி ஓடிவிட்டு மதியம் வரை வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்த எட்டுப் பேரையும் ஆறு தடத்தில் விட முடியாமல் அங்கே வேறு தகராறு. அதற்குப் பதில் 48 பேரின் நேரத்தையும் வரிசைப்படுத்தி, வேகமான ஆறு பேர் ஒரு கூட்டம், அடுத்த ஆறு பேர் அடுத்த கூட்டம் என்று எல்லாரையும் இன்னொரு முறை ஓட விடுங்கள். கடைசிக் கூட்டத்திலும் ஒருவர் முதலில் வருவார். ஒரு ஓட்டத்துக்கு நான்கு நிமிடம் என்றால் கூடுதலாக ஆவது 32 நிமிடம். மேடைப் பேச்சுகளுக்கு இதைவிட அதிகம் ஆகிறது. இரண்டு சுற்றுக்கும் நடுவே 45 நிமிடம் ஓய்வு கொடுங்கள், பெரியவர்களுக்கே விதி அதுதான்.

காலை 6.30-க்கு முதல் ஓட்டம் புறப்பட வேண்டும். நண்பரின் படத்தை மர நிழலில் வையுங்கள், ஒரு நிமிடம் மௌனம், உடனே ஓட்டம். விருந்தினர் எப்போது வருகிறாரோ அப்போது வரட்டும், அவருக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் உப்பு மிகுந்து பிள்ளைக்குக் கெடுதல். பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்றின் சாவியை ஒரு ஆசிரியையிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

வயது விஷயத்தில் பிறப்புச் சான்றிதழில் பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பிறந்து பத்து வருடம் கழித்துப் பதிவானதென்றால் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுழற்கோப்பை எப்படியும் தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும். கேடயத்தில் இரண்டைக் குறைத்து, ஓடிய எல்லாருக்கும் சான்றிதழ் அடியுங்கள். அதில் நண்பரின் பெயருக்குக் கீழே அந்தப் பிள்ளை ஓடிய நேரத்தைக் கையால் எழுதுங்கள். அடுத்த வருடம் அதைக் குறைக்க வேண்டும் என்று கொண்டுவருவார்கள்.

பந்தல் பிரிக்கும்போது முளைகளை எண்ணிப் பிடுங்குங்கள். மூலைக்கு நான்கு, வளைவுக்கு இரண்டு, மொத்தம் ஆறு. திங்கட்கிழமை காலை பிரேயருக்குப் பிள்ளைகள் அந்த மைதானத்தில்தான் வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
கோடு போடுபவர்கள், கடிகாரம் பிடிப்பவர்கள்