பெஞ்சில் உட்காருகிறவரின் குணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் ஒரு துணுக்கு வந்திருந்தது. அமெரிக்க ஃபுட்பாலில் ஏதோ ஒரு அணி, வம்புக்குப் பேர்போன ஒரு குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரை, இரண்டாவது ஆளாக, முதல் ஆள் ஆட முடியாதபோது இறக்குவதற்காக எடுக்கலாமா என்று யோசிக்கிறதாம். இரண்டாவது ஆள்தானே, கை நன்றாக இருந்தால் போதாதா, குணத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்கிற தொனியில் முடித்திருந்தீர்கள். சேலத்தில் அதைப் படித்தவர்கள் என்னையும் சேர்த்து நாலு பேர் இருந்தால் அதிகம். ஆனால் நான் இரண்டு தடவை படித்தேன், ஏனென்றால் கிட்டத்தட்ட இதே விஷயத்துக்காகத்தான் எங்கள் கபடி அணியின் கமிட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு அமெரிக்க ஃபுட்பால் எதற்கு என்று என் சம்சாரமே கேட்பாள். மகன் ஓஹியோ மாநிலத்தில் கிளீவ்லாந்து பக்கம் இருக்கிறான். 2023 கடைசியில் பேரனைப் பார்க்கப் போன நாங்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருந்தோம். வெளியே தலைகாட்ட முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாலில் டிவி ஓடும், மகன் அந்த ஊர் பிரவுன்ஸ் அணியின் பைத்தியம். ஹெல்மெட் மாட்டிய ஆட்கள் முட்டிக்கொண்டு விழுவதைத் தவிர முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் எல்லாம் ஒரே ஆளைச் சுற்றி நடக்கிறது என்று பிடிபட்டது.

அந்த ஆள்தான் குவார்ட்டர்பேக். அணி பந்தை வைத்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதெல்லாம் அவர் முடிவு. ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, பயிற்சியாளர் அதில் திட்டத்தைச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைத் தொடங்கக் கொடுக்கிற நேரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அது தானாக அணைந்துவிடும், அதற்குப் பிறகு அவருடைய புத்திதான். களத்தில் இவர் ஒருவர்தான், அதனால் இரண்டாவது ஆள் சீசனின் 17 ஆட்டத்திலும் தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாகவே நிற்க நேரலாம். வாரநாள் பயிற்சியிலும் முதல் ஆளுக்குத்தான் பெரும்பங்கு. இவருடைய வேலை, அடுத்து எதிரில் வரப்போகிற அணியின் குவார்ட்டர்பேக் மாதிரி ஆடிக் காட்டி சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தயார் செய்வது. சம்பளம் வரும், பேர் வராது. அப்படியும் எந்த நிமிஷம் கூப்பிட்டாலும் தயாராக இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அணி இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் முதல் ஆளுக்கு முழங்கை போய், அவருக்குப் பதிலாக வந்தவருக்குத் தலையில் அடிபட்டு, கடைசியில் பந்தை எறியவே முடியாத முதல் ஆளையே மறுபடி இறக்கி 31-7 என்று தோற்றது.

சரி, பட்டறைக்கு வருகிறேன். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம், மாலையில் செய்த கொலுசையும் மிச்சத் துண்டையும் தூளையும் சேர்த்து எடை போட்டு வாங்குவோம். கொஞ்சம் சேதாரம் போகத்தான் செய்யும், அது எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும். முப்பது வருஷத்தில் கைத்திறன் உள்ளவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒருத்தர் பற்றவைத்தால் எந்த இடத்தில் ஒட்டினார் என்று கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது, ஆனால் சாயங்காலம் தராசில் வைத்தால் ஒரு கிராம், ஒன்றரை கிராம் குறையும். இப்படிப்பட்டவரை முன்வரிசையில் என் கண் எதிரே உட்கார வைத்துச் சமாளித்துவிடலாம். சமாளித்திருக்கிறேன். ஆள் வராத நாளில் மட்டும் கூப்பிடுகிற மாற்று ஆள் உட்காருவது பின் அறையில், அவரை யார் பார்ப்பது? முன்னால் இருப்பவரின் தப்பு நாலு பேர் கண்ணில் படும். பின்னால் இருப்பவரின் தப்பு, வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் கண்ணில் மட்டும்தான் படும், அவன் அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வான்.

அதனால்தான் உங்கள் துணுக்கில் சொன்னதை அப்படியே திருப்பிப் போடுகிறேன். முதல் ஆளிடம் திறமைக்காகக் கொஞ்சம் பொறுத்துப்போகலாம். மாற்று ஆளிடம்தான் குணத்தைக் கறாராகப் பார்க்க வேண்டும்.

நான் கிளீவ்லாந்தில் இருந்தபோது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பிரவுன்ஸ் அணி 2022-ல் டெஷான் வாட்சன் என்பவரைக் குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவந்தது, 23 கோடி டாலர், அத்தனையும் உத்தரவாதத் தொகை. அப்போதே மசாஜ் செய்துகொள்ளப் போன இடத்தில் பாலியல் அத்துமீறல் என்று 20-க்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் சிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார், கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகவில்லை, ஆனால் போட்டிகளை நடத்துகிற லீக் 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. அவர் முகம் டிவியில் வந்தாலே என் மருமகள் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். ஒன்றும் சொல்லமாட்டாள், போய்விடுவாள். விளையாட்டை விளையாட்டாகப் பாரு என்று மகன் ஒரு தடவை சொல்லிவிட்டு, அவள் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. 2023 நவம்பரில் வாட்சனுக்குத் தோள்பட்டை போனது. வீட்டில் சும்மா இருந்த ஜோ ஃபிளாக்கோவைக் கூப்பிட்டார்கள், வயது 38. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன் பால்டிமோர் அணிக்கு சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டியை ஜெயித்துக் கொடுத்தவர், அப்போது எந்த அணியும் சீண்டாமல் இருந்தவர். வந்த முதல் ஆட்டம் தோல்வி, அடுத்த நாலும் வெற்றி, அணி பிளே-ஆஃப் போனது. அங்கே போய் உதை வாங்கியது வேறு கதை. அந்த நாலு வாரமும் மருமகள் ஹாலிலேயே உட்கார்ந்து பொரி உருண்டையைக் கொறித்துக்கொண்டு பார்த்தாள்.

அதற்காக வம்பு செய்தவரை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, மைக்கேல் விக் என்கிற குவார்ட்டர்பேக் இருக்கிறாரே. 2001-ல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் எல்லோருக்கும் முதலாக எடுக்கப்பட்டவர், 13 கோடி டாலர் ஒப்பந்தம், நாய்ச் சண்டை நடத்தி, தோற்ற நாய்களைக் கொன்ற வழக்கில் 2007-ல் 23 மாதத் தண்டனை. வெளியே வந்ததும் 2009-ல் ஃபிலடெல்ஃபியா அணி எடுத்தது, வாசலில் ஆர்ப்பாட்டம் வேறு. அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்பதைத்தான் கவனிக்கவேண்டும். முதல் வருஷத்துக்கு வெறும் 16 லட்சம் டாலர், அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். ஓய்வு பெற்ற பயிற்சியாளர் டோனி டங்கி அவருக்குத் துணையாக நின்றார். ஏற்கெனவே அணியில் இருந்த முதல் ஆள் டோனவன் மெக்நாப், இவரை எடுங்கள் என்று தானே பரிந்துபேசினார். பயிற்சியாளர் ஆண்டி ரீட், பெற்ற பிள்ளைகள் சிறைக்குப் போனதை அனுபவித்தவர், தெரியாமல் எடுக்கவில்லை. அந்த முதல் வருஷம் முழுக்க விக் பந்தை எறிந்தது 13 தடவைதான். ஒரு காலத்தில் ஸ்டேடியமே எழுந்து நின்று பார்த்த ஆள், ஒரு வருஷம் ஓரமாக நின்றார். அந்த வருஷக் கடைசியில் மன உறுதிக்கான விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கூட ஆடியவர்களே. 2010 முதல் ஆட்டத்தில் அப்போதைய முதல் ஆளுக்குத் தலையில் அடிபட, விக் உள்ளே வந்தார், மீண்டு வந்த வீரர் விருதும் வாங்கினார். அந்த நாய்கள் திரும்பி வராது, அதையும் மறக்கவில்லை நான்.

இதே பிரவுன்ஸ் 2014-ல் எடுத்த ஜானி மன்ஸியல் கதை நேர் எதிர். கல்லூரி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதல் வருஷ மாணவனாக வாங்கிய முதல் ஆள். குடி, பார்ட்டி, மறுவாழ்வு மையம். முதல் ஆளாக அறிவித்த சில நாளிலேயே பார்ட்டி வீடியோ வெளியே வந்து மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார், இரண்டே சீசனில் அனுப்பிவிட்டார்கள். மகன் இன்னும் அவர் பேர் போட்ட சட்டையை வைத்திருக்கிறான், கார் துடைக்க.

எங்கள் ஊர் ஆள் ஒருத்தரையும் சொல்லாமல் விட்டால் தப்பு. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியது வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான். ஒருத்தர் பின் ஒருத்தராக அடிபட்டுப் போக, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகி, பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். ஊர் திரும்பியபோது சாரட்டில் அழைத்து வந்ததை எல்லோரும் பார்த்தோம். அதற்கு முந்தைய வாரங்களில், எனக்கு ஆட்டம் கிடைக்காது என்று தெரிந்தே, அடுத்தவர் பேட்டிங் பழகுவதற்காகத் தினமும் பந்து போட்டாரே, அதை யாரும் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் முதல் ரெய்டருக்கு முட்டி பிசகிவிட்டது. ஆத்தூர் பக்கம் ஒரு பையன், வயது 24, பாடிப் போனால் பாம்பு மாதிரி, ஆனால் இரண்டு அணியில் சண்டை போட்டு வெளியே வந்தவன், குடி உண்டு. என் பட்டறையில்தான் கமிட்டி உட்கார்ந்தது. நான் வேண்டாம் என்றேன், மற்றவர்கள் பத்து நாள்தானே என்றார்கள். எடுத்தோம். முதல் ஆட்டத்திலேயே போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் கையை வைத்தான் பாருங்கள், வேண்டாம் என்ற நானே எழுந்து விசில் அடித்தேன்.

அரையிறுதிக்கு முதல் ரெய்டர் தேறிவிட்டார், நீ வெளியே இரு என்று சொன்னோம். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு எங்கள் அணியின் 17 வயசுப் பிள்ளைகள் இரண்டு பேரை ஒரே பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய்விட்டான். மூன்று பேர், 20 கொண்டை ஊசி வளைவு, மார்கழிப் பனி. விடிகாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது மூன்று பேர் வாயிலும் வாசனை. அடிவாரம் டீக்கடையில் இரண்டு பையன்களில் ஒருவனின் அப்பா நின்றுகொண்டிருந்தார், தேடிக்கொண்டு வந்தவர். அவர் அடிக்கவில்லை, மகனை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார், அவ்வளவுதான். அரையிறுதியில் தோற்றோம், அது மறந்துவிட்டது. அந்தப் பிள்ளை நல்ல கேட்சர், கணுக்கால் பிடித்தால் விடமாட்டான். அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

இப்போது அந்த ரெய்டர் மறுபடி வர ஆசைப்படுகிறான். குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது என்கிறான், வேலைக்குப் போகிறான், அதுவும் உண்மை, விசாரித்தேன். நான் எடை போடும் சீட்டின் பின்பக்கம் மூன்று விஷயம் எழுதி அனுப்பினேன். முன்பணம் கிடையாது. போட்டி முடியும் வரை கேப்டன் வீட்டில்தான் படுக்கை. முதல் ஒரு மாதம் ஆட்டமே கிடையாது, எதிரணி ரெய்டர் மாதிரி பாடி வந்து எங்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடி பழக்க வேண்டும். மூன்றாவது எங்கே படித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அவன் போன் போட்டான். "ஐயா, மேட்ச்ல எறக்குவீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "சரிங்க, பசங்களுக்கு எத்தன மணிக்கு பிராக்டீஸ்?" என்றான். இந்த இரண்டில் எதை நம்புவது என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்தப் பையனின் அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். கமிட்டியில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, அவர் உறுப்பினரே இல்லையே என்கிறார்கள். அன்றைக்கு விடிகாலை டீக்கடையில் நின்றது அவர்தான், அதனால் அவர் சரி என்றால்தான் நான் கை தூக்குவேன் என்று சொல்லிவிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை மனிதர். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். ஆறு மணி என்றேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.